மூளைக்கட்டியின் ஊடுருவலும் முளையப்பருவ வழிகாட்டிப் புரதங்களும்

கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் நரம்பியற் சத்திரசிகிச்சை விடுதிக்கு வெளியே காத்திருக்கும் உறவினர் எழுப்பும் வினாக்களுள் தலையாயது ஒன்று: “கட்டியை முழுதாக எடுத்தாயிற்றா?” வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிலையாகக் குடியிருப்போர் மட்டுமல்லர், வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலுமிருந்து நோயாளரை அழைத்துவந்து, அவ்விரு பகுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் லொட்ஜுகளிலும் தங்கியிருப்போரும் இதையே வினவுவர். “காணக்கூடியதை எடுத்துள்ளோம்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. கேட்போர்க்கு இது பிடிகொடாத பேச்சாகத் தோன்றலாம். வைத்தியர் எதையோ மறைக்கிறார் என்ற ஐயமும் எழலாம். உண்மையில், கிளையோபிளாஸ்ரோமா என்னும் கொடிய மூளைக்கட்டியைப் பொறுத்தவரை, அதனினும் நேர்மையான விடை வேறில்லை. அவ்வாறு ஏன் என்பதையும், அதற்கான காரணம் மூளை கருவில் உருவான முறையோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூளைக்கட்டிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மூளையைப் போர்த்தியிருக்கும் மென்படலங்களில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மூளையை ஒருபுறம் தள்ளிக்கொண்டு வளர்வது, எல்லை தெளிவானது. அதனை முழுதாக அகற்றி நோயாளரை வீட்டுக்கு அனுப்புதல் பல வேளைகளில் இயலும். கிளையோமாக்கள் வேறு வகையின. நரம்புக்கலங்களுக்கு ஊட்டமும் தாங்கலும் அளிக்கும் கிளையாக் கலங்களை, அல்லது அவற்றுக்கு மூலமான கலங்களை, ஒத்தவை இவை. இவற்றுள் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்ரோமாவுக்கு எல்லை என ஒன்றில்லை. காந்தப் பரிவுப் படத்தில் வெண்மையாய்த் துலங்கும் திரளுக்கு அப்பால், நலமாய்த் தோன்றும் மூளை இழையத்தினுள், தனித்தனிக் கலங்கள் முன்னரே சென்றிருக்கும்.

இவ்வுண்மையை மிகக் கொடூரமான வகையில் மெய்ப்பித்தவர் அமெரிக்க நாட்டின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைச் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்ற்றர் டண்டி. கட்டியால் ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்த நோயாளரின் வலப் பெருமூளை அரைக்கோளம் முழுவதையுமே அவர் வெட்டியகற்றினார். அச்சிகிச்சைகளை 1928 இல் அறிக்கையிட்டார். பாதி மூளையை இழந்த பின்னரும் நோயாளர் சிலர் உயிர்வாழ்ந்தனர், பேசவும் செய்தனர். ஆயினும் கட்டி மீண்டது. கத்தி எட்டிய எல்லைக்கு அப்பால் அது முன்பே சென்றுவிட்டிருந்தது.

அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. இலங்கையில் 1956 இல் டொக்டர் ஷெல்ரன் கப்ரால் கொழும்புப் பொது வைத்தியசாலையில் நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேலூரில் ஜேக்கப் சாண்டியும் (1949) சென்னையில் பா. இராமமூர்த்தியும் (1950) இத்துறையைத் தொடக்கியிருந்தனர். நுணுக்குக்காட்டியும் கணினிப் படமும் சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் வந்தன. நோயாளர் அருந்தும் ஓர் இரசாயனத்தால் கட்டிக் கலங்களை நீல ஒளியின் கீழ்ச் செந்நிறமாய் ஒளிரச் செய்யும் முறையும் வந்தது. 2006 இல் ஜேர்மனியில் வெளியான ஆய்வின்படி, இம்முறையைக் கையாண்டபோது படத்தில் தெரியும் கட்டியை முற்றாக அகற்ற முடிந்தோர் 100க்கு 65 பேர். வழமையான முறையில் 36 பேர். முன்னேற்றம் பெரிதே. ஆனால் “முற்றாக” என்ற சொல் அங்கும் படத்தில் தெரிந்ததையே குறித்தது. 2005 இல் வெளியானதும் இன்றுவரை சிகிச்சையின் அடிப்படையாக இருப்பதுமான பெரும் ஆய்வில் 573 நோயாளர் பங்குகொண்டனர். கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்காலம் 12.1 மாதம், அதனோடு தெமோசோலமைட்டு என்னும் மருந்தும் பெற்றோருக்கு 14.6 மாதம். இரண்டரை மாதத்தை நீட்டியமை இத்துறையில் பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது என்பதிலிருந்தே இந்நோயின் வலிமையை உய்த்துணரலாம்.

கட்டி செல்லும் பாதைகள்

ஈரல், மார்பகம், சுவாசப்பை ஆகியவற்றின் புற்றுநோய்கள் குருதியினூடாகவும் நிணநீரினூடாகவும் உடலின் தொலைவிடங்களுக்குப் பரவுபவை. கிளையோபிளாஸ்ரோமா மூளைக்கு வெளியே பரவுவது மிக அரிது. அது மூளைக்குள்ளேயே நடந்து செல்கிறது. “நடந்து” என்பதை உவமையாக மட்டும் கொள்ளவேண்டியதில்லை. ஒவ்வொரு கலமும் முன்புறம் ஒரு நீட்சியை விட்டு, அதைப் பற்றுகோடாக்கி, உடலைப் பின்னிருந்து இழுத்துக்கொண்டு நகர்வதை இன்று நுணுக்குக்காட்டியின் கீழ்க் காணலாம்.

எவ்வழியே செல்கின்றது? 1938 இல் அன்ற்வேர்ப் நகரிற் பணியாற்றிய ஹான்ஸ் யோவாகிம் ஷேரர் இதற்குக் கூரிய விடை கண்டார். குருதிக்கலன்களின் வெளிப்புறத்தை ஒட்டியும், நரம்புக்கலங்களைச் சூழ்ந்தும், மூளையின் மேற்பரப்புப் படலத்தின் அடியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக வெண்பொருளிலுள்ள நரம்பிழைக் கற்றைகளின் நெடுகிலும் இக்கலங்கள் ஒழுங்காக அணிவகுத்துச் செல்வதை அவர் விவரித்தார். (இதே ஷேரர் பின்னர் நாசிகளின் ஆட்சியில் பிரெஸ்லாவ் நகரில், “கருணைக் கொலை” என்ற பெயரிற் கொல்லப்பட்ட சிறுவரின் மூளைகளை ஆராய்ந்தார் என்பதையும் அவருடைய பெயரைச் சொல்லும்போது சேர்த்தே சொல்லவேண்டும். அறிவியலின் வரலாறு அறிவு பெருகிய வரலாறு மட்டுமன்று.)

ஆகவே கட்டியின் ஊடுருவல் தன்விருப்பான சிதறலன்று. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியைத் தவிர்த்து எவரும் வீட்டு மதில்களைத் துளைத்துக்கொண்டு வடக்கே போவதில்லை. இருக்கின்ற வீதியால் போகின்றனர். இடப்புறப் பெருமூளையில் தொடங்கிய கட்டி வலப்புறத்தை அடைவதற்கும் அவ்வாறே, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பெரும் நரம்பிழைப் பாலத்தைப் பயன்படுத்துகின்றது. படத்தில் அது சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும்.

வீதிகள் இருக்கின்றன என்பது சரி. வீதியில் ஏறுவதற்கும், எத்திசையிற் செல்வதென முடிவுசெய்வதற்கும் கட்டிக் கலத்துக்கு அறிவித்தது யாது என்ற வினா எஞ்சுகின்றது. இதற்கு விடைகாண, அவ்வீதிகள் முதன்முதலில் எவ்வாறு போடப்பட்டன என்பதை அறிதல் வேண்டும்.

கருவில் வழிகாட்டல்

முளையத்தில் நரம்புக்கலம் ஒவ்வொன்றும் ஓர் இழையை வெளியே நீட்டுகின்றது. அவ்விழை தனக்குரிய இலக்கைத் தேடி, தன் கலத்தின் அகலத்தைப் போலப் பல நூறு மடங்கு தூரத்தைக் கடக்கவேண்டும். 1890 இல் கோழி முளையத்தின் முண்ணாணை ஆராய்ந்த இசுப்பானிய அறிஞர் சந்தியாகோ றமோன் இ கஹால் அவ்விழையின் நுனியில் விரிந்த ஓர் உறுப்பைக் கண்டு அதற்கு வளர்கூம்பு எனப் பெயரிட்டார். உயிர்ப்பொருள் ஏதும் அசைந்து காட்டாத, சாயமூட்டப்பட்ட வெட்டுமுகங்களை மட்டுமே பார்த்து, இவ்வளர்கூம்பு இரசாயனச் சமிக்ஞைகளை முகர்ந்து வழியறிகின்றது என்று 1892 அளவில் அவர் ஊகித்தமை வியப்புக்குரியது. அவ்விரசாயனங்களைப் பிரித்தெடுப்பதற்கு அறிவியலுக்கு மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

1990 ஐ அடுத்த பத்தாண்டில் நான்கு புரதக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இனங்காணப்பட்டன. நெற்றின்கள் அவற்றுள் ஒன்று. பல்லாயிரம் கோழி முளையங்களின் மூளைகளிலிருந்து 1994 இல் பிரித்தெடுக்கப்பட்ட இப்புரதத்துக்கு, வழிநடத்துபவர் எனப் பொருள்படும் வடசொல்லை வேராகக் கொண்டு அப்பெயரிட்டனர். நேதாஜி என்ற வழக்கில் நாம் அறிந்த “நேதா”வும் அச்சொல்லே. வட்டப்புழுவிலும் இதற்கு ஒப்பான புரதம் உண்டு. புழுவுக்கும் கோழிக்கும் மனிதனுக்கும் பொதுவான வழிகாட்டி இது. செமபோறின் என்ற பெயர் கைகாட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. புகையிரதப் பாதையிற் கைகாட்டி மரம் செய்யும் பணியை இது வளர்கூம்புக்குச் செய்கின்றது. பெரும்பாலும் “நில்”, “விலகு” என்பதே அதன் கட்டளை. ஸ்லிற் என்பது நடுக்கோட்டில் நின்று விலக்கும் புரதம். எபிறின்கள் கலத்தின் மென்சவ்விலேயே பதிந்திருப்பவை. ஆதலின் இரு கலங்கள் ஒன்றையொன்று தொட்டாலன்றி அவை பேசுவதில்லை.

இவற்றுள் எதுவும் தானாக ஒரு செயலைச் செய்வதில்லை. வளர்கூம்பின் மேற்பரப்பில் அவற்றுக்குரிய வாங்கிகள் இருத்தல் வேண்டும். நெற்றினுக்கு டி.சீ.சீ. என்ற வாங்கியும் அங்-5 என்ற வாங்கியும் உண்டு. முன்னது நெற்றினை நோக்கி இழுக்கும், பின்னது விலகச் செய்யும். ஸ்லிற்றுக்கு றோபோ என்ற வாங்கி. வாங்கி பற்றிய செய்தி கலத்தினுள் சென்று, றக், சீ.டி.சீ.42, றோ ஆகிய சிறு புரதங்களின் சமநிலையை மாற்ற, அவை அக்ரின் இழைகளைக் கட்டியும் கலைத்தும் கூம்பை ஒருபக்கம் திருப்பும்.

முண்ணாணின் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு மறுபக்கத்துக்குச் செல்லவேண்டிய இழையின் பயணமே இத்துறையில் மிக விரிவாக ஆராயப்பட்டது. அதனைக் கொழும்பு வாசகர்க்கு இவ்வாறு விளக்கலாம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பேருந்தில் செல்பவர் புறக்கோட்டைக்குச் சென்று அங்கே வண்டி மாறவேண்டும். புறக்கோட்டையை அடையும் வரை “புறக்கோட்டை” என்ற பெயர்ப்பலகையே அவருக்கு வழிகாட்டி. அங்கு இறங்கிய பின்னரும் அதே பலகைக்கு அவர் கீழ்ப்படிந்துகொண்டிருப்பாராயின் என்றும் கொட்டாஞ்சேனையை அடையார். நடுக்கோட்டை நோக்கி ஈர்க்கப்பட்ட நரம்பிழை, அதனைக் கடந்த கணத்தில், அவ்வீர்ப்புக்குச் செவிடாகவும் அங்கிருந்து விலக்கும் ஸ்லிற்றுக்குச் செவிசாய்ப்பதாகவும் மாறுகின்றது. பழ ஈயில் றோபோ என்ற பரம்பரையலகு பழுதுற்றால் இழை நடுக்கோட்டை மீண்டும் மீண்டும் கடந்து வட்டமிடும். வீதிச் சுற்றுவட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே றோபோ என்பது. மனிதரிலும் சான்றுண்டு: டி.சீ.சீ. பழுதுற்ற குடும்பங்களில் வலக்கையை அசைக்கும்போது இடக்கையும் தானே அசைகின்றது என்பது 2010 இல் அறியப்பட்டது.

இவ்விடத்தில் வாசகர்க்கு ஒன்றை ஒளியாது கூறவேண்டும். ஈர்ப்பு எவ்வாறு அணைகின்றது, எவ்வாறு விலக்கலாக மாறுகின்றது என்பதற்கு நெற்றினைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் மார்க் ரெசியே-லவீன் ஆய்வுகூடத்திலிருந்து 1999 இலும் 2001 இலும் வெளிவந்த விளக்கங்கள் பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்றன. றோபோ வாங்கி டி.சீ.சீ. வாங்கியை நேரே பற்றி அதன் வாயை அடைக்கிறது என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாய்வுகளின் படங்களிற் திரிபுகள் இருந்தமை வெளிப்பட்டதும் 2023 இல் மூன்று கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. விசாரணைக் குழு, அவர் தாமே தரவுகளைத் திரிக்கவில்லை என்றும், வழுக்களை உறுதியுடன் திருத்தத் தவறினார் என்றும் கண்டது. அவர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத் தலைவர் பதவியினின்று விலகினார். நெற்றின் நடுக்கோட்டிலிருந்து மட்டும் பரவி இழையைத் தொலைவிலிருந்து இழுக்கின்றது என்ற பழைய படமும் 2017 இல் எலிகளில் நடந்த இரு ஆய்வுகளால் ஆட்டங்கண்டது. இழை செல்லும் வழிநெடுகிலுமுள்ள கலங்கள் இடும் நெற்றினும் பெரும்பங்கு வகிக்கின்றது என்பது தெரியவந்தது. இழை நடுக்கோட்டில் தன் செவியை மாற்றிக்கொள்கிறது என்ற நிகழ்வு நிலைபெற்றதே. அதன் பொறிமுறைக்குக் கூறப்பட்ட எளிய விளக்கமே வீழ்ந்தது.

திரிபுக்கு இடந்தராத பிறிதோர் ஆய்வு நம் பொருளுக்கு இதனினும் முக்கியமானது. 1997 இல் மூ-மிங் பூவும் அவருடைய குழுவினரும் தவளை நரம்புக்கலத்தின் வளர்கூம்பை நெற்றின் ஊற்றுக்கு அருகே வைத்தனர். கூம்பு அதை நோக்கித் திரும்பிற்று. பின்னர் கலத்தினுள்ளே உள்ள வட்ட ஏ.எம்.பீ. என்ற மூலக்கூற்றின் தாக்கத்தைக் குறைத்தனர். அதே கூம்பு, அதே நெற்றினைக் கண்டு விலகி ஓடிற்று. வெளியிலிருந்த சமிக்ஞையில் யாதொரு மாற்றமும் இல்லை; அதைப் பெற்றுக்கொண்ட கலத்தின் அகநிலையே மாறியது. வழிகாட்டிப் புரதம் என்பது கட்டளையன்று, சொல் ஒன்றே. அதன் பொருள் கேட்பவரைப் பொறுத்தது. மூளைக்கட்டி ஆய்வில் அடுத்து நாம் காணப்போகும் முரண்பாடுகளுக்கெல்லாம் இதுவே திறவுகோல் என்பது என் துணிபு.

புற்றுநோயின் வாசல் வழியே

வழிகாட்டிகளின் வாங்கிகளுள் இரண்டு, அவை நரம்பிழைகளுக்கு வழிகாட்டுகின்றன என எவரும் அறியுமுன்னரே, புற்றுநோய் ஆய்வாளரின் கையிற் சிக்கியிருந்தன. எபிறின்களின் வாங்கியான “எப்” 1987 இல் ஈரற் புற்றுநோய்க் கலங்களிலிருந்து பெறப்பட்டது. அதன் பெயரிலேயே அவ்வீரற் புற்றுநோயின் முதலெழுத்து உள்ளது. டி.சீ.சீ. என்பதோ, பெருங்குடற் புற்றுநோயில் இழக்கப்பட்டது என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 1990 இல் பெருங்குடற் கட்டிகளில் காணாமற் போகும் பரம்பரையலகாக அது அறிவிக்கப்பட்டது. அதுவே நெற்றினின் வாங்கி என்பது 1996 இற்றான் தெரிந்தது. முளையவியலாரும் புற்றுநோயியலாரும் ஒரே வீட்டை இரு வாசல்களால் அடைந்தனர் எனலாம்.

மூளைக்கட்டியில் மிகுதியும் ஆராயப்பட்டது ஸ்லிற்-றோபோ இணையாகும். 2003 இல் கிளையோமாக்கள் பலவற்றில் ஸ்லிற்-2 பரம்பரையலகு இரசாயன முத்திரையிடப்பட்டு வாயடைக்கப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. விலக்கும் புரதம் அணைந்தாற் கலம் தடையின்றி நகரும் அன்றோ? இக்கருத்தை 2009 இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது: ஸ்லிற்-2 ஐ மீண்டும் ஊட்டப்பெற்ற கட்டிக் கலங்கள் எலியின் மூளையிற் குறைவாகவே ஊடுருவின. றோபோ-1 வாங்கியூடாக அது சீ.டி.சீ.42 ஐ அடக்கிற்று. முளையத்தில் வளர்கூம்பைத் திருப்பும் அதே நெம்பு.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மருந்து செய்தல் எளிதாயிருக்கும். 2021 இல் வெளியான மற்றோர் ஆய்வு நேரெதிர்ப் பக்கத்தைக் காட்டியது. நோயாளரின் கட்டிகளில் ஸ்லிற்-2 மிகுந்திருந்தபோது நோயின் போக்கு மோசமாக இருந்தது. எலிகளில் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. கட்டி வெளியிட்ட ஸ்லிற்-2, கட்டிக் கலங்களோடு நில்லாது, மூளையின் காவற் கலங்களையும் குருதியிலிருந்து வரும் விழுங்கு கலங்களையும் ஈர்த்து, அவற்றைக் கட்டிக்குத் துணைபோகும் நிலைக்கு மாற்றிற்று, குருதிக்கலன்களையும் உருக்குலைத்தது. அங்கு ஸ்லிற்றைத் தடுத்தபோது நிர்ப்பீடனம் மீண்டது. ஒரே புரதம் கட்டிக் கலத்துக்குத் தடையாகவும், அதன் அயலவர்க்கு அழைப்பாகவும் இருக்கின்றது.

நெற்றின்-1 இன் நிலையும் இதுவே. கிளையோமாக் கலங்கள் தாமே சுரக்கும் நெற்றின் அவற்றின் அசைவைக் கட்டுப்படுத்தி, தரையோடு பற்றச் செய்கிறது என 2011 இல் ஒரு குழு கண்டது. 2013 இல் வேறு குழுக்கள் அது கிளையோபிளாஸ்ரோமாவின் ஊடுருவலைத் தூண்டுகிறது எனக் கண்டன. இத்தகைய முரண்களைக் காணும் வாசகர் சிலர் ஆய்வாளருள் ஒருவர் பிழைவிட்டார் என முடிவுசெய்வர். பிழைகள் நேர்வதுண்டு என்பதை மேலே கண்டோம். ஆயின் தவளை வளர்கூம்பின் பாடத்தை நினைவிற் கொள்வோமாயின், வெவ்வேறு நோயாளரிடமிருந்து பெறப்பட்ட, வாங்கிகளின் விகிதமும் அகநிலையும் வேறுபட்ட கலங்கள் ஒரே சொல்லை வெவ்வேறாகப் பொருள்கொண்டமை வியப்பாகாது.

அகநிலை எவ்வாறு பொருளை மாற்றுகின்றது என்பதற்குத் தெளிவான மூலக்கூற்றுச் சான்று எப்-ஏ2 வாங்கியிலிருந்து கிடைக்கின்றது. கிளையோபிளாஸ்ரோமாக் கலங்களில் இவ்வாங்கி அளவுக்கு மீறிக் காணப்படும். எபிறின்-ஏ1 வந்து தொட்டால் அது கலத்தின் நகர்ச்சியை அடக்குகின்றது. தொடுவார் இல்லாதபோது, கலத்தினுள்ளே மிகையாக இயங்கும் ஏ.கே.ரீ. என்ற நொதியம் அவ்வாங்கியின் 897 ஆம் அமினோவமிலத்தில் ஒரு பொசுபேற்றை இணைத்துவிடுகின்றது. உடனே அதே வாங்கி நகர்ச்சியைத் தூண்டுவதாக மாறுகின்றது. 2009 இல் வெளியான இக்கண்டுபிடிப்பு சுவையான ஓர் உட்கிடையைக் கொண்டது. கட்டியின் நடுவே கலங்கள் நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கும், ஓரத்திலோ தனித்திருக்கும். தனித்த கலத்துக்கே ஓடும் தூண்டல் வலிது. செமபோறின் குடும்பத்திலும், வளர்கூம்புக்கு “விலகு” என்று சொல்லும் செமபோறின்-3சீ கட்டியின் மூலக்கலங்களால் தமக்குத் தாமே சுரக்கப்பட்டு, அவற்றின் உயிர்நிலைப்புக்குத் துணையாவது 2014 இல் காட்டப்பட்டது.

நரம்புக்கலங்களும் உடந்தையாதல்

இதுவரை கட்டிக் கலத்தையே செயலுடையதாகவும் மூளையை வெறும் நிலமாகவும் கொண்டு பேசினோம். கடந்த பத்தாண்டில் அப்பார்வையும் மாறிவிட்டது. நரம்புக்கலங்களின் இயக்கமே கிளையோமாவை வளர்க்கின்றது என்பதை 2015 இல் ஸ்ரான்போட்டின் மிஷெல் மோன்ஜே குழு காட்டியது. 2019 இல் அக்குழுவும் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் குழுவும் ஒரே வேளையில், நரம்புக்கலங்கள் கட்டிக் கலங்களோடு நேரடி இணைப்புகளை அமைக்கின்றன என்று அறிவித்தன. அக்கட்டுரைகளின் முதலாசிரியர்களுள் ஹம்சா வெங்கடேஷ், வருண் வெங்கடரமணி ஆகிய பெயர்களைக் காணலாம்.

2023 இல் வெளியான ஓர் ஆய்வு நம் இரு இழைகளையும் ஒன்றுசேர்த்து முடிச்சிட்டது. எலியின் மூளையில் கட்டி ஒரு பக்கத்திலிருக்க, அதற்கு எதிர்ப்பக்க அரைக்கோளத்திலுள்ள நரம்புக்கலங்களை இயக்கினர். பாலத்தின் வழியே இழை நீட்டியிருந்த அத்தொலைக்கலங்களின் இயக்கம், கட்டியின் வளர்ச்சியையும் ஊடுருவலையும் முடுக்கிற்று. அதற்கு இடைநின்ற மூலக்கூறு செமபோறின்-4எப். அதாவது, கருவில் நெற்றினும் ஸ்லிற்றும் வழிகாட்டப் போடப்பட்ட அந்தப் பாலத்தையே கட்டி பயன்படுத்துகின்றது. அதுவும், பாலத்துக்கு அப்பாலிருந்து வரும் மற்றொரு வழிகாட்டிப் புரதத்தின் தூண்டலுக்கு இசைந்து.

சிகிச்சையை நோக்கி

வழிகாட்டிகளைத் தடுத்தோ ஊட்டியோ கட்டியை நிறுத்தலாமா? மேற்கண்ட முரண்களால் புரதத்தை நேரே தடுப்பது இருபுறமும் கூரான கத்தி. அதனாற் சில ஆய்வாளர் வேறு வழியை நாடுகின்றனர்: வாங்கி என்ன பொருள்கொள்கிறது என்பதை விட்டுவிட்டு, அது அங்கிருப்பதை மட்டும் அடையாளமாகக் கொள்வது. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் ஷீலா சிங்கும் ரொறன்ரோவின் ஜேசன் மொபற்றும் தலைமைதாங்கிய குழு, சிகிச்சைக்குப் பின் மீண்டெழும் கிளையோபிளாஸ்ரோமா எப்பரம்பரையலகுகளிற் தங்கியுள்ளது எனத் தேடியபோது வழிகாட்டிகளின் தொகுதியே முன்வந்தது. றோபோ-1 வாங்கியை இனங்கண்டு தாக்குமாறு ரீ கலங்களை மாற்றியமைத்து எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் வாழ்காலம் குறிப்பிடத்தக்க அளவு நீடித்தது. இது 2024 இல் வெளியாயிற்று. எலியிலிருந்து மனிதர்க்கு உள்ள தூரம் பெரிது. நலமான கலங்களிலும் றோபோ-1 உண்டு என்பதையும் மறத்தலாகாது.

அத்தகைய சிகிச்சை வெற்றிபெறினும், ஒவ்வொரு நோயாளரின் ரீ கலங்களையும் தனித்தனியே ஆய்வுகூடத்தில் மாற்றியமைக்கவேண்டிய அதன் செலவு, இலவச மருத்துவத்தை உரிமையாகக் கொண்ட நம் நாட்டுக்கு ஒரு கேள்வியை எழுப்பும். மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையிற் பல்லாயிரவர் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுகின்றனர். ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது பழகிய புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்தது. அவ்வேளையில் மருந்துச் சீட்டோடு தனியார் மருந்தகங்களை நாடவேண்டியிருந்த குடும்பங்களுக்கு, புதுமை மருத்துவத்தின் செய்திகள் வேறோர் உலகத்துச் செய்திகளாகவே ஒலித்திருக்கும். மீள்பிறப்பை அறியும் ஒழுங்கான படப்பரிசோதனை, கட்டியின் மூலக்கூற்று வகையை அறியும் பரிசோதனை, கதிர்ச்சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலத்தைக் குறைத்தல் என்பன இன்றைய அறிவைக்கொண்டே செய்யத்தக்கவை. றோபோவுக்காகக் காத்திருக்கவேண்டியவை அல்ல.

இனி அந்த முதல் வினாவுக்கு வருவோம். விடுதி வாயிலில் உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள் விரவிய சிங்களத்தில் நிகழ்கின்றது. தமிழ் மட்டும் அறிந்த தாயொருத்திக்கு அது மூன்றாம் ஆள் ஒருவரின் வாய்வழியே, பாதியாய்க் குறைந்து வந்துசேர்கின்றது. “கட்டி” என்ற சொல் நம் வழக்கிற் சீழ்க்கட்டியையும் குறிக்கும். கீறி எடுத்தால் தீர்ந்துவிடுவது என்ற எண்ணத்தை அது தன்னோடு கொண்டுவருகின்றது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்குவித்தார். நம் பாடநூல்கள் வாங்கி, முளையம், நிர்ப்பீடனம் ஆகிய சொற்களைப் பல தலைமுறைகளாக வழங்குகின்றன. அவ்வாறிருந்தும், “இது தனியே திரண்டு நிற்கும் கட்டியன்று, இதன் கலங்கள் மூளையின் இழைகள் வழியே முன்னரே சென்றுள்ளன. பெருந்திரளை அகற்றியுள்ளோம். சென்ற கலங்களைக் கதிராலும் மருந்தாலும் இயன்றவரை அடக்குவோம்” என்ற மூன்று வாக்கியங்களை நோயாளரின் உறவினர்க்குத் தமிழில் தரும் ஓர் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை ஆக்குவது, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. மருத்துவபீட மாணவர் நால்வரும் ஒரு நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்தால் அதன் முதல் வரைவு ஆயத்தமாகிவிடும்.